நடுவில் கிடந்த இரண்டு ஏக்கர்

திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். சாலையின் இரண்டு பக்கமும் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால், அது பயிர்ப் பச்சை இல்லை, சீமைக் கருவேலம். கண்மாய்க்குள், ஓடைக்குள், தரிசுக்குள் என்று எங்கு பார்த்தாலும் அதுதான். அந்தப் பகுதியில் ஒரு சிறு கிராமத்து விவசாயிக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். வயது 58. இந்த முள்ளோடு அவர் மல்லுக்கட்டத் தொடங்கி 20 வருஷம் ஆகிறது.

முதல் தடவை அரிவாளால் வெட்டினார். கோடையில் வெட்டிய கட்டையில், மழை விழுந்ததும் ஒன்றுக்கு ஏழாகக் கிளை வெடித்தது. "ஒத்த மரமா இருந்ததைப் புதராக்கிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்த தடவை தூரில் தீ வைத்தார். மேலே கருகியது, கீழே உயிர் இருந்தது. தரைக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில்தான் இந்த மரம் துளிர்ப்பதற்கான மொட்டுகள் இருக்கின்றன. அதைத் தோண்டி எடுக்காமல் மேலே என்ன செய்தாலும் திரும்ப வரும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி மாவட்டமெங்கும் முள் வெட்டினார்களே, அப்போதும் பல இடங்களில் நடந்தது இதுதான். வெட்டினார்கள், தூரை விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் தடவை மனைவியின் தோட்டை அடகு வைத்து ஜே.சி.பி. கொண்டுவந்தார். வேரோடு பறித்தாயிற்று. இரண்டு வருஷம் குதிரைவாலியும் மிளகாயும் எடுத்தார். தோட்டைத் திருப்பினார். மூன்றாவது வருஷம் வடக்கு வரப்பிலிருந்து கன்றுகள் மறுபடியும் உள்ளே வரத் தொடங்கின.

வடக்கே இருந்தது அவருடைய சித்தப்பா மகனின் இரண்டு ஏக்கர். தம்பி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. நிலம் ஆள் நுழைய முடியாத முள்ளுக்காடு. காய் பழுத்து உதிரும்போது ஊர் ஆடுகள் எல்லாம் அங்கேதான். இனிப்பான நெற்று; ஆடு விரும்பித் தின்னும். விதையின் கெட்டியான தோல் ஆட்டின் வயிற்றுக்குள் இளகி, புழுக்கையோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்து முளைக்கும். அந்த ஆடுகள் சாயங்காலம் வீடு திரும்பும் வழி இவருடைய மூன்று ஏக்கர்.

"தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமே?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அவர் பதில் சொல்ல மாட்டார். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சண்டை ஒரு பனைமரத்தால் வந்தது. இரண்டு நிலத்துக்கும் நடுவே வரப்பில் சித்தப்பா வைத்த பனை. ஓலை வெட்டியது யார் என்பதில் ஆரம்பித்து, வரப்பை அரித்தது யார் என்பதில் முடிந்தது.

இந்த நிலையில்தான் கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் அந்த ஊருக்கு வந்தது. 2021-22-இல் தொடங்கிய திட்டம். 10 முதல் 15 ஏக்கர் வரை தொடர்ச்சியாக உள்ள தரிசு நிலங்களை ஒரு தொகுப்பாக எடுத்து, குறைந்தது 8 விவசாயிகள் சேர்ந்து குழு அமைத்தால், முட்புதர் அகற்றி, நிலத்தைச் சமப்படுத்தி, நீர் இருக்கிறதா என்று ஆய்வு செய்து, பொதுவான நீர் ஆதாரம் அமைத்துத் தருவார்கள். பழக்கன்றுகளும் கிடைக்கும்.

உதவி வேளாண்மை அலுவலர் ஊர் மந்தையில் புலப்படத்தை விரித்துக் காட்டினார். மொத்தம் 12 ஏக்கர். ஒன்பது பட்டா. எட்டுப் பேர் சரி என்றார்கள். ஒன்பதாவது, தம்பியின் இரண்டு ஏக்கர். படத்தில் அது சரியாக நடுவில் இருந்தது.

"இதை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கலாமே மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"விட்டா நிலம் ரெண்டு துண்டாயிடும் அய்யா. தொகுப்புன்னு சொல்ல முடியாது. அப்படியே எடுத்தாலும், நடுவுல முள்ளுக்காட்டை வச்சுக்கிட்டுச் சுத்தி விவசாயம் பண்ணினா எத்தனை வருஷத்துக்கு நிக்கும்?"

எல்லோரும் 58 வயதுக்காரரைப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி அவர் தம்பிக்குப் போன் செய்தார். எடுத்தவுடன் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டா நிலம் போயிருமாண்ணே?" தம்பியின் முதல் கேள்வி அதுதான்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வெளியூரில் பிழைக்கிறவனுக்கு ஊரில் இருக்கிற இரண்டு ஏக்கர்தான் பிடிமானம். அதை அண்ணன் வளைத்துக்கொள்வாரோ, அரசு எடுத்துக்கொள்ளுமோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். மறுநாள் கிராம நிர்வாக அலுவலரே போனில் விளக்கினார். பட்டா மாறாது. குழுவில் சேர்வது சேர்ந்து வேலை செய்வதற்கும், தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதற்கும்தான். விளைச்சல் அவரவர் நிலத்துக்கு அவரவருடையது.

தம்பி கேட்டுக்கொண்டார். கடைசியில் அண்ணனிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "அப்பா வச்ச பனையை மட்டும் தொட வேண்டாம்னு மெஷின்காரர்ட்ட சொல்லிருங்க."

மாசியில் வேலை தொடங்கியது. காய் பழுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. அப்போதுதான் இன்னொரு குரல் வந்தது. அந்தக் காட்டில் விறகு வெட்டி, மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். "முள்ளு உங்களுக்குக் களை. எனக்கு அதுதாண்ணே அடுப்பு" என்றார்.

யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. குழு கூடிப் பேசி, மரத்தையும் தூர்க்கட்டையையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தது. தூர்க்கட்டைக் கரி கனமாக இருக்கும், நல்ல விலை போகும். அந்த வருஷம் அவருக்குப் பரவாயில்லை. மழைக்குப் பிறகு கன்று பிடுங்கும் கூலி வேலையிலும் முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அது வருஷம் முழுக்க வயிற்றுக்குப் போதாது. அவர் இப்போதும் விறகு தேடி வெகுதூரம் நடக்கிறார். களையை ஒழிக்கிறபோது அதை நம்பி இருந்தவர்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதை அந்த ஊர் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை.

இயந்திரம் நடு நிலத்தைச் சுத்தம் செய்த மூன்றாம் நாள், முள்ளுக்குள் மறைந்து கிடந்த பனை அடி முதல் நுனி வரை தெரிந்தது. அண்ணன் அதை செல்போனில் படம் எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினார்.

நிலத்தை வெறுமனே போடவில்லை. ஆடி மழைக்குக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதார்கள். புரட்டாசியில் குதிரைவாலி. குழாய்க் கிணறு அமைந்த பிறகு கொய்யா, நெல்லிக் கன்றுகள் ஊன்றினார்கள். ஐப்பசி மழை முடிந்ததும், எதிர்பார்த்தபடியே, மண்ணுக்குள் கிடந்த விதைகள் முளைத்தன. முழங்காலுக்குக் கீழே இருக்கும்போதே, ஈரம் காய்வதற்குள் ஆணிவேரோடு பிடுங்கினார்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒன்பது வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர்.

பொங்கலுக்குத் தம்பி மகனோடு வந்திருந்தார். வரப்பில் நடந்தபடியே குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கிப் போட்டார்.

"இதை எத்தனை வருஷம்ணே பிடுங்கணும்?"

"மண்ணுல கிடக்கிற விதை தீர்ற வரைக்கும். அது பல வருஷம் இருக்கும்னு மேடம் சொன்னாங்க."

"அப்ப நான் வர்றப்பெல்லாம் வேலை இருக்கு" என்றார் தம்பி.

இந்த ஊரில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்கக்கூடியதுதான். வேளாண்மைப் பொறியியல் துறையில் புல்டோசர், ஜே.சி.பி. போன்ற இயந்திரங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். தரிசு மீட்புக்கு இப்போது எந்தத் திட்டத்தில் என்ன உதவி உண்டு என்பதை, சிட்டா, அடங்கல், ஆதார் நகலுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். கண்மாய், ஓடை, புறம்போக்கில் உள்ள மரத்தில் மட்டும் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. நெற்றை ஆட்டுக்குக் கொடுப்பதானால் விதை உடையும்படி அரைத்து, மற்ற தீவனத்தோடு கலந்து கொடுப்பது நல்லது.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேச வேண்டும். பேசாமல் இருந்தால், பேசத் தொடங்க வேண்டும்.