பலித்தது வேறு, தெரிந்தது வேறு

170141183460469231731687303715884105727. 39 இலக்கங்கள். 127 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போக ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரை, 2இன் எந்தெந்த அடுக்குகளுக்கு இப்படிப் பகா எண் கிடைக்கும் என்று பதினொன்றைக் குறித்தார். அவற்றில் 31, 67, 127, 257 ஆகிய நான்கையும் அன்று யாரும் நிறுவியிருக்கவில்லை. 31 சரியென்று 1772இல் ஆய்லர் என்ற கணிதர் காட்டினார். மற்ற மூன்றும் துறவியின் சொல்லை நம்பியே நூறாண்டுக்கு மேல் நின்றன.

வகுத்துப் பார்க்கலாமே என்றால், 127ஆம் அடுக்குக்கு 20 இலக்க எண்கள் வரை வகுத்தாக வேண்டும். ஓர் ஆயுள் போதாது. 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் வகுக்காமலே அறியும் வழியைக் கண்டார். அதன் எளிய வடிவத்தை 2⁷ − 1, அதாவது 127 என்ற சிறிய எண்ணில் நீங்களே போட்டுப் பாருங்கள். 3இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். 127ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள். 3, 7, 47, 48, 16, 0. ஐந்தாவது முறையில் சுழியம் வந்துவிட்டது. 127 பகா எண். அந்த 39 இலக்க எண்ணுக்கு இதையே 125 முறை செய்ய வேண்டும். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அத்தனையும் வீண்.

127ஆம் அடுக்கு தேறியது. அதே ஆண்டில் 67ஐ லூக்கா தள்ளினார். காரணிகள் இன்னவை என்று தெரியாமலே, பகா எண் அல்ல என்று காட்டினார். 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்ற கணிதர் அந்தக் காரணிகளை முன்வைத்தார்: 193707721, 761838257287. பிற்பாடு 257உம் விழுந்தது. நான்கில் இரண்டு சரி, இரண்டு தவறு. மெர்சென் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அவர் கிளப்பிய கேள்விதான் இத்தனை பேரை உழைக்க வைத்தது. ஆனால் அவர் பட்டியலில் 67உம் 127உம் ஒரே உறுதியோடு நின்றன என்பதை மறக்க முடியவில்லை.

எங்கள் வயதுக்காரர்கள் பேச்சும் அப்படித்தான். நிலம் வாங்குவது, வரன் பார்ப்பது, காய்ச்சலுக்குக் கஷாயம் என்று நாங்கள் சொன்னதில் இரண்டு பலித்துவிட்டால், மற்றதை வீட்டில் யாரும் சோதிப்பதில்லை. பலித்ததும்கூட நாங்கள் அறிந்து சொன்னதா, ஊகித்ததா என்று கேட்பதில்லை. "தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பிள்ளையை அதட்டாதீர்கள். காரணம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊகம் என்று சொல்லுங்கள்.

2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று கிடைத்தது. 136279841 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. வேறு கணினிகளில், வேறு நிரல்களைக் கொண்டு திரும்பக் கணக்கிட்டு, ஒவ்வொன்றிலும் அதே முடிவு வந்த பிறகே அதை உலகத்துக்கு அறிவித்தார்கள்.