கதவைத் திறந்தது சாமியா, வாளியா?

தெர்மோடைனமிக்ஸ்ல ரெண்டு தடவை அரியர் வெச்சவன் சொல்றேன், கேளுங்க பாஸ். காத்து சூடானா விரியும்ங்கிற விஷயத்தை எனக்கு உருப்படியா புரிய வெச்சவர் கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்தவர். பேரு ஹீரோன். (ஆமா, பேரே ஹீரோதான்!)

ஊரு எகிப்துல இருக்கிற அலெக்சாண்ட்ரியா. எழுதினது கிரேக்கத்துல. இவரோட 'நியூமாட்டிக்கா' புத்தகத்துல ஒரு கோயில் கதவு வருது. வெளியே பலிபீடத்துல நெருப்பு மூட்டினா கதவு தானா திறக்கும். நெருப்பு அணைஞ்சா தானா மூடிக்கும். வாசல்ல நீங்க நின்னிருந்தா? கன்னத்துல போட்டுக்கிட்டிருப்பீங்கதானே?

சங்கதி முழுக்கத் தரைக்குக் கீழே. பலிபீடத்துக்குள்ள காத்து சூடாகி விரியுது. குழாய் வழியா இறங்கி, உருண்டைப் பாத்திரத்துல இருக்கிற தண்ணியை அழுத்துது. தண்ணி எங்கே போகும்? வளைஞ்ச குழாய்ல ஏறி, தொங்குற வாளிக்குள்ள கொட்டுது. வாளி கனத்து இறங்க, கதவோட அச்சுல சுத்தின கயிறு இழுபட்டு, கதவு ஓப்பன்! நெருப்பு அணைஞ்சதும் காத்து சுருங்கி, தண்ணியைத் திரும்ப உறிஞ்சிக்கும். வாளி லேசாகும். எதிர்ப்பக்கம் கட்டின எடை கதவை மூடிடும்.

காசு போட்டா புனிதத் தண்ணி ஊத்துற மெஷின்கூட அதே புத்தகத்துல இருக்கு. 5 திராக்மா நாணயம் ஒரு தட்டுல விழுந்து அழுத்த, மறுமுனையில மூடி தூக்கும். காசு சறுக்கி விழுந்ததும் தண்ணி கட்!

இத்தனை வித்தையையும் மூடி மறைக்காம, எப்படி வேலை செய்யுதுன்னு மனுஷன் புட்டுப்புட்டு வெச்சிருக்கார். அங்கேதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா, அப்போ எங்க கிளாஸ்ல பாதிப் பேர் மினி பிராஜெக்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்கிட்டிருந்தாங்க. நானும் 'மெட்டீரியல் செலவு'ன்னு அப்பாகிட்ட புளுகி 6,000 ரூபா வாங்கி வெச்சிருந்தேன். உள்ளே என்ன இருக்குன்னே தெரியாம டெமோ காட்டப்போறவனுக்கும், அந்தக் கதவைப் பார்த்து வாயைப் பிளக்கிற பக்தனுக்கும் என்ன வித்தியாசம்?

பால் பவுடர் டின், பிளாஸ்டிக் பாட்டில், மீன் தொட்டி டியூப், ஐஸ்க்ரீம் கப். கதவுக்கு ஷூ டப்பா அட்டை. முதல் நாள் கதவு அசையவே இல்ல. மூடி வழியா காத்து லீக். எம்-சீல் வெச்சு அடைச்சு, மறுநாள் நாலு மெழுகுவத்தி ஏத்தினோம். டியூப்ல தண்ணி மெல்ல ஏறி, கப்புல சொட்டி... கதவு ரெண்டு விரல் அகலம் திறந்துச்சு! ரூம்மேட் போட்ட கத்தல்ல வார்டன் வந்துட்டார்.

வைவாவுல சார், "ஏம்பா முழுசா திறக்கலை?"ன்னார். அது ஒண்ணுக்கே கால் மணி நேரம் பதில் சொன்னேன், பிட்டு இல்லாம.

செலவு 300 ரூபாகூட ஆகலை. மிச்சத்தை நீட்டினப்போ அப்பா பதறிட்டார்.

"என்னடா, பிராஜெக்ட் ஊத்திக்கிச்சா?"