வயிற்றுப் பக்கம்

"உமக்கு முதுகெலும்பு கிடையாதய்யா" என்று என்னிடம் சொன்னவர் தமிழ்த்துறை ஆசிரியர். நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். நிர்வாகியைக் கைநீட்டி அடித்தார் என்று அவர்மேல் விசாரணை. அடிக்கவில்லை. அறையில் இருந்த மூன்றாவது ஆள் நான்தான். கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நின்றிருந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை இரண்டாம் வருடத்துக்குக் கரப்பான் அறுவை. மெழுகுத் தட்டில் முதுகு மேலிருக்கும்படி குண்டூசி குத்தி, நீர் ஊற்றி, ஓரங்களைக் கத்தரித்து முதுகுத் தகடுகளை எடுக்க வேண்டும். 13 அறைகள் கொண்ட இதயம் தகடுகளோடு ஒட்டிக்கொண்டு வரும். குடலை ஒதுக்கினால் அடியில், வயிற்றுப் பக்கம், வெள்ளை இரட்டை நூலாக நரம்பு வடம். மார்பில் மூன்று முடிச்சு, வயிற்றில் ஆறு. நமக்கு இதயம் முன்னால், நரம்பு வடம் பின்னால். அதற்கு நேர் தலைகீழ். பாரீஸில் ழோஃப்ருவா சேந்த்-இலேர் 1822இல் ஒரு சிங்கி இறாலை மல்லாத்திப் பார்த்து, இதுவும் நம் உடலேதான், கவிழ்ந்து கிடக்கிறது என்றார். குவியே ஒப்பவில்லை. 1830இல் அகாதெமியில் இருவரும் பகிரங்கமாக மோதினார்கள்; குவியே ஜெயித்ததாகப் பேச்சு. 1990களில், முதுகுப்புறம் எது வயிற்றுப்புறம் எது என்று தீர்மானிக்கும் ஜீன்கள் ஈக்கும் தவளைக்கும் பொது, வேலை செய்யும் பக்கம்தான் இடம் மாறியிருக்கிறது என்று தெரியவந்தபோது ழோஃப்ருவாவின் கட்சிக்கு மறுபடி உயிர் வந்தது.

முதுகெலும்பற்றவை என்பது உண்மையில் ஒரு வகையே அல்ல. விலங்கினங்களில் நூற்றுக்கு 95க்கு மேல் அதில் அடக்கம். இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயரிடுவது. யாப்பில்லாதது என்று புதுக்கவிதையை விளக்கியவர்கள் செய்த காரியம். மண்புழுவின் ரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது. சிவப்புதான், ஆனால் ஹீமோகுளோபின் அணுக்களுக்குள் இல்லை, திரவத்திலேயே கரைந்திருக்கிறது. மூச்சு தோலால். கரப்பானின் ரத்தத்துக்குப் பிராணவாயு சுமக்கும் வேலையே கிடையாது. 10 ஜோடித் துளைகள் வழியே நுழையும் காற்று குழாய்களில் நேரே திசுக்களுக்குப் போகிறது. தலை போனாலும் சில நாள் உயிரோடிருப்பது பெரிதும் இதனால்தான். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், செம்பினால் நீலமான ரத்தம். நட்சத்திரமீனுக்கு மூளையே இல்லை. இருந்தும் சிப்பியை இழுத்துத் திறந்து, தன் வயிற்றை வெளியே தள்ளி அதற்குள் நுழைத்துத் தின்கிறது. இவற்றில் எது எதற்குத் தாழ்ந்தது?

இதையெல்லாம் அன்று வழக்கத்தைவிட உற்சாகமாகச் சொன்னேன். கரப்பானை என் தரப்பு வக்கீலாக நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. அதன் வால்முனையில் மயிரடர்ந்த இரண்டு நீட்சிகள். காற்று அசைந்தால் அங்கிருந்து தடித்த நரம்பிழைகளில் செய்தி கால்களுக்கான முடிச்சுகளுக்குப் பாய்கிறது. மூளையைக் கேட்பதில்லை, ஓடிவிடுகிறது. எனக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். யோசித்துத்தான் எழுதினேன்.

அவருக்கு வேலை போயிற்று. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு அறுவைப் பயிற்சிகளை நிறுத்தச் சொன்னது. அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். அன்றைய வகுப்பில் கடைசி மேஜைப் பையன் ஒருவன் குடலை ஒதுக்கும்போது வடத்தையும் சேர்த்து அறுத்துவிட்டு, "நரம்பைக் காணோம் ஸார்" என்றான். வேறு கரப்பான் எடுத்துக் கொடுத்தேன்.