அலட்டிக்கொள்ளாதவரின் விலை

மைக் கான்லி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் தப்பே இல்லை. அமெரிக்காவிலேயே நிறையப் பேர் அவரைத் திரும்பிப் பார்த்தது 2016 ஜூலையில்தான். அதுவும், 'யாருப்பா இந்த ஆளு... இவருக்கா இவ்வளவு பணம்?' என்ற வயிற்றெரிச்சலோடு.

விஷயம் இதுதான். மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் என்ற கூடைப்பந்து அணி, தன்னுடைய பாயிண்ட் கார்டு மைக் கான்லிக்கு ஐந்து வருடத்துக்கு 15 கோடியே 30 லட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. அன்றைய விகிதத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை என்.பி.ஏ. சரித்திரத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடைத்ததில்லை. சரி, பெரிய ஸ்டார் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. ஒன்பது வருடம் ஆடியும் மனுஷன் ஒரு தடவைகூட ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை!

இது எப்படி நடந்தது என்று புரிய, 'ஃப்ரீ ஏஜென்ட்' சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஐ.பி.எல். ஏலத்தில் ஆட்டக்காரர் எந்த ஊருக்குப் போவார் என்பதைச் சுத்தியல் முடிவு செய்கிறது. என்.பி.ஏ.வில் ஒப்பந்தம் முடிந்தால் ஏறக்குறைய சுயம்வரம். அணிகள் வரிசையில் நிற்கும். மாலை ஆட்டக்காரர் கையில். ஆனால், இஷ்டத்துக்குக் கொட்டிக் கொடுக்க முடியாது. ஓர் அணி மொத்தமாகச் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வருடா வருடம் ஒரு வரம்பு உண்டு. சொந்த அணி ஐந்து வருட ஒப்பந்தம் தரலாம். வெளி அணிகள் நாலு வருடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2016-ல் அந்த வரம்பு ஒரே எகிறாக எகிறியது. டி.வி. கம்பெனிகள் ஒன்பது வருட ஒளிபரப்புக்கு 2,400 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தன. அந்தப் பணம் உள்ளே வந்ததும், 7 கோடி டாலராக இருந்த வரம்பு 9 கோடியே 41 லட்சமாகிவிட்டது. அந்தக் கோடையில் யாருடைய ஒப்பந்தம் முடிந்ததோ அவர் காட்டில் மழை. ஸ்டீஃபன் கரிக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் பாக்கி. உலகமே கொண்டாடிய கரி அந்த சீசனில் வாங்கியது சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர். கான்லி அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாம் நேரம்!

நேரம் மட்டும்தானா? அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நான் கான்லி கட்சி. சண்டைக்குத் தயார்.

இந்த ஊர் நேரப்படி விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு மெம்ஃபிஸ் ஆட்டம் பார்க்கிறவனுக்கு, முதல் பத்து நிமிடம் கான்லி கண்ணில் படவே மாட்டார். ஆறடி ஒரு அங்குலம். அந்தக் கூட்டத்தில் குள்ளம். தாவி வந்து கூடையை உடைப்பது, நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துவது, நடுவரிடம் மல்லுக்கு நிற்பது... எதுவும் கிடையாது. பந்தை வாங்குவார், யாருக்கு எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார், திரும்பி ஓடிவந்து எதிரணியின் வேகமான ஆளை மறிப்பார். தூரத்திலிருந்து எறிவது இடது கையால். ஆனால், ராட்சசர்களுக்கு நடுவே புகுந்து, அவர்கள் விரல்களுக்கு மேலே பந்தை மெல்ல மிதக்க விடுவாரே, அது பெரும்பாலும் வலது கையால். தடுக்க வருகிறவன் எந்தக் கையைப் பார்ப்பான், பாவம்!

பிறகு ஏன் கணக்கில் வரவில்லை? ஒப்பந்தத்துக்கு முந்தைய சீசனில் அவருடைய சராசரி 15.3 புள்ளிகள், 6.1 அசிஸ்ட். சுமாரான எண்கள்தான். ஆனால், மெம்ஃபிஸ் அந்த வருடங்களில் வேண்டுமென்றே நிதானமாக ஆடிய அணி. பந்து இரண்டு பெரிய உருவங்களுக்கு, மார்க் கசோலுக்கும் ஸாக் ராண்டால்ஃபுக்கும், போக வேண்டும். மெதுவாக ஆடினால் வாய்ப்பு குறையும். வாய்ப்பு குறைந்தால் எண்கள் குறையும். சமையல்காரர் ருசியாகவே சமைத்தாலும், இலையே குறைவாகப் போட்டால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? அதே அணிதான் 2011-ல் எட்டாவது இடத்தில் நுழைந்து, முதலிடத்து சான் அன்டோனியோவை மூட்டை கட்ட வைத்தது. 2013-ல் மேற்குப் பிரிவின் இறுதி வரை போனது. 2011-லிருந்து 2017 வரை ஒரு வருடம்கூட பிளே ஆஃபைத் தவறவிடவில்லை.

இன்னொரு காரணம், பிறந்த நேரம். மேற்குப் பிரிவில் அவருடைய இடத்துக்குப் போட்டி போட்டவர்கள் கரி, கிறிஸ் பால், வெஸ்ட்புரூக், ஹார்டன், லில்லார்ட். இந்தப் பந்தியில் யாரை எழுப்பிவிட்டு இவரை உட்காரவைப்பது?

2015-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் போர்ட்லேண்டுடன் ஆடும்போது எதிராளியின் கை முகத்தில் பட்டு, கான்லியின் கண்ணைச் சுற்றியிருந்த எலும்புகள் உடைந்தன. அறுவை சிகிச்சை. எட்டு நாள் கழித்து மே 5-ம் தேதி, முகமூடி மாட்டிக்கொண்டு கோல்டன் ஸ்டேட் மைதானத்தில் வந்து நின்றார். அந்த சீசன் முழுக்க, சொந்த மைதானத்தில் இரண்டே லீக் ஆட்டங்களில் தோற்றிருந்த அணி அது. அன்றைக்குத்தான் கரிக்கு 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' கோப்பையை மேளதாளத்தோடு கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்தபோது முகமூடிக்காரர் 22 புள்ளிகள். மெம்ஃபிஸ் ஜெயித்துவிட்டது. அந்தச் சுற்றில் கடைசியில் கோல்டன் ஸ்டேட்தான் வென்றது, அது வேறு. ஆனால் அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள், '15.3 புள்ளிதானே' என்று பேச மாட்டார்கள்.

2016-ல் டல்லாஸ் கண் வைத்திருந்தது. கான்லி மெம்ஃபிஸிலேயே தங்கினார். சின்ன ஊர். பெரிய நட்சத்திரங்கள் தாமாகத் தேடி வராத ஊர். அங்கே இருப்பவரையும் விட்டால், அந்த இடத்துக்கு இன்னொருவர் சுலபத்தில் கிடைக்க மாட்டார். விலையில் பாதி திறமைக்கு, பாதி இந்தப் பயத்துக்கு என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வீணானதா? நேர்மையாகவே சொல்கிறேன். முதல் வருடம் 20.5 புள்ளிகள், அதுவரை அவருக்கு அதுதான் உச்சம். நடுவில் முதுகெலும்பில் முறிவு. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் முடிவதற்குள் திரும்பி வந்தார். இரண்டாவது வருடம் குதிகால் தொல்லை. பன்னிரண்டே ஆட்டங்கள். 'அப்பவே சொன்னோமே' என்றார்கள் எதிர்க்கட்சியினர். வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருடம் 21.1 புள்ளிகள். மறுபடி திறந்தேன். அதே கோடையில் அதே அணி சாண்ட்லர் பார்சன்ஸுக்கு நாலு வருடத்துக்கு 9 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. முழங்கால் தகராறால், மூன்று வருடத்தில் அவரால் 95 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. கான்லி அதே மூன்று வருடத்தில், அந்தக் குதிகால் வருடத்தையும் சேர்த்து, 151. 2019-ல் யூட்டா அணிக்கு மாற்றப்பட்டபோது, மெம்ஃபிஸ் அணியின் வரலாற்றில் புள்ளிகள், அசிஸ்ட், ஸ்டீல், ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அவர்தான் முதல்.

விலையைப் பற்றிப் பேசும்போது கிரெக் ஓடனையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இண்டியானாபொலிஸில் பள்ளிக்கூடத்திலிருந்து கான்லியின் கூட்டாளி. இருவரும் சேர்ந்து மூன்று வருடம் தொடர்ந்து மாநிலக் கோப்பை ஜெயித்தார்கள். கல்லூரியிலும் ஒன்றாக ஆடினார்கள். 2007 டிராஃப்டில் ஏழடி ஓடன் முதல் ஆள். கான்லி நாலாவது, அதுவும் ஓடனின் நிழலில் வந்தவர் என்ற பேச்சோடு. ஓடனின் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. மொத்தம் 105 என்.பி.ஏ. ஆட்டங்களோடு முடிந்தது. நிழல் என்று சொல்லப்பட்டவர் ஆயிரத்துக்கும் மேல் ஆடினார். ஓடனுடைய தப்பு எதுவும் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு ஒட்டப்படும் விலைச்சீட்டை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

கான்லிக்கு இதெல்லாம் வீட்டிலேயே பழக்கம். அப்பா மைக் கான்லி சீனியர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டலில் தங்கம் வென்றவர். கடைசித் தாண்டல் 18.17 மீட்டர். அதற்கு முன் யாரும் ஒலிம்பிக்கில் 18 மீட்டரைத் தொட்டதில்லை. அன்றைய உலக சாதனையே 17.97தான். ஆனால், பின்னாலிருந்து அடித்த காற்றின் வேகம் நொடிக்கு 2.1 மீட்டர். விதிப்படி 2.0-க்கு மேல் போனால் சாதனைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். தங்கம் உண்டு. சாதனை கிடையாது. 0.1 காற்று!

பையனுக்கு ஒருவழியாக 2021-ல் ஆல் ஸ்டார் அழைப்பு வந்தது. பதினாலாவது சீசன், 33 வயது. அதுவும் டெவின் புக்கருக்குக் காயம் என்பதால் மாற்று ஆளாக. தூர எறிதல் போட்டியிலும் புக்கரின் இடம் இவருக்கே. இறுதிச் சுற்றில் கான்லி 27 புள்ளிகள் எடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். அடுத்து வந்த கரி, கடைசிப் பந்தையும் கூடைக்குள் போட்டு 28 எடுத்தார்.

அப்பாவுக்கு 0.1. பையனுக்கு 1. குடும்ப ராசி என்று சொல்லலாமா? கான்லி என்ன செய்தார் தெரியுமோ? வழக்கம் போல ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்.