களப்பு மீன் தந்த விடை

திருக்கோவிலிற் பிறந்தவன் மீனைப் பற்றி எழுத நாணவேண்டியதில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. எனினும், நான் வளர்க்க ஆசைப்பட்டது இவ்விரண்டிலும் இல்லாத மீனையே.

தென்னமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்றுப் படுகைக்குரிய ‘ராம்’ என்னும் குள்ளச் சிக்லிட் மீன் ஒரு சோடி, சில ஆண்டுகளுக்கு முன் என் கண்ணாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பெயர் பெற்ற இம்மீன் இரண்டங்குலமே வளரும். தட்டைக் கல்லில் முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் கூடிக் காக்கும் என்று படித்திருந்தேன். என் வீட்டிலும் முட்டையிட்டன. மறுநாட் காலையில் தாமே தின்றுவிட்டன. மும்முறை இவ்வாறே நிகழ்ந்தது. நான்காம் முறை முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றினேன். வெண்பூஞ்சணம் படர்ந்து அவையும் அழிந்தன.

குற்றம் நீரில் இருந்தது. ராம் மீனுக்கு ஏற்றது அமிலச் சார்புடைய மென்னீர். எங்கள் வீட்டுக் கிணற்றிலோ வன்னீர். மார்கழி மழையைப் பீப்பாயில் ஏந்தி, வாதுமைச் சருகை ஊறவிட்டுத் தொட்டியில் வார்த்தேன். முட்டைகள் பொரித்தன! ஆயின், குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபோது அவற்றின் சிறுவாய்க்கேற்ற நுண்ணுணவு என்னிடம் இருக்கவில்லை. நான்கே நாளில் தொட்டி வெறுமையாயிற்று.

“மழைத் தண்ணீர் முழுவதையும் மீனுக்கு ஊற்றினீர்கள், இப்போது தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை” என்றாள் மனைவி. நான் மறுமொழி கூறவில்லை.

அன்றிரவு, நமது கல்லூரியில் எனக்கு விலங்கியல் கற்பித்த ஆசிரியரின் நினைவு வந்தது. ஒருநாள் வகுப்பிலே என்னை எழுப்பி, “உன் ஊர்க் களப்பிலே குஞ்சைக் காத்து வளர்க்கும் மீன் எது?” என்று வினவினார். விழித்தேன். “போய்ப் பார்த்து வந்து சொல்லு” என்றார். சொல்லாமலே கல்லூரியை விட்டு நீங்கினேன்.

மறுநாள் மாலை களப்போரத்திற் கைவலையிட்டு, செம்மஞ்சட் குரோமைட் மீன்கள் ஆறு கொணர்ந்தேன். விரல் நீளம், விலாவிற் கரும்புள்ளி. இதுவும் சிக்லிட் குடும்பமே. ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான இனங்களாய்ப் பல்கிய அக்குடும்பத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவை மூன்றே. நம் நாட்டில் வாழ்பவை இரண்டு. அவற்றின் நெருங்கிய உறவினங்கள் மடகாஸ்கர்த் தீவில் உள்ளன.

கிணற்று நீரே அவற்றுக்குப் போதுமாயிற்று. ஒரு சோடி, உடைந்த ஓட்டிலே முட்டைகளை ஒட்டி, மாறி மாறிச் செட்டையால் விசிறிக் காத்தது. குஞ்சுகள் நீந்திய அன்று நான் கண்ட காட்சியை மறவேன். அவை தாய் தந்தையரின் உடலை உரசி உரசி, தோலில் ஊறும் சளியை மேய்ந்தன. பெற்றோர் அசையாது நின்று இடங்கொடுத்தன. இவ்வுரசலை வார்ட், பார்லோ என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1967இல் எழுதினர். இலங்கையில் இம்மீன்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி வார்ட் அவர்களும் சமரக்கோன் அவர்களும் எழுதிய கட்டுரை 1981இல் வெளிவந்தது. சளி மட்டும் போதாதாகையால், இம்முறை ஆட்டீமியாவும் பொரிக்க வைத்திருந்தேன். நாற்பது குஞ்சுகள் தேறின.

பெற்ற தோல்விகளும் வீண்போகவில்லை. நீரைச் சோதிக்கவும், முட்டைக்கு முன்னரே உணவைத் தேடவும் கற்பித்தவை அவையே. ஆனால், விடையைச் சொல்ல வேண்டிய ஆசிரியர் இன்று இல்லை. “ஐயா, பார்த்து வந்தேன்” என்று இம்மலரிலேனும் ஒப்புவிக்கின்றேன். இன்று அவ்வாங்குகளில் அமர்ந்திருக்கும் தம்பிமார் என்போல் இத்தனை காலம் தாழ்த்தாதிருப்பாராக.