படம் சும்மா, பார்க்கும் நேரம் சும்மாவா?



பண்டாரவளையில் எங்கள் மத்ரஸாவுக்குப் பிள்ளையை அழைத்து வந்த ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்டார்: “மௌலவி, புள்ளட வாப்பா கட்டார்ல இருந்து மாசாமாசம் நெட்ஃபிளிக்ஸுக்குச் சல்லி கட்டுறார். அத நிப்பாட்டிட்டு யூடியூப்ல சும்மா பார்த்தா சல்லி மிச்சந்தானே?”

நல்ல கேள்வி. ஆனால், “சும்மா” என்ற சொல்லை நாம் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் வெவ்வேறு வியாபாரங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இலங்கைக்கு வந்தது. அதற்குப் பெரும் வருமானம் நாம் கட்டும் சந்தாதான். ஆகவே வாடிக்கையாளர் நாம். யூடியூப்பில் இலவசமாகப் பார்க்கும்போதோ வாடிக்கையாளர் விளம்பரக்காரர். அவருக்கு விற்கப்படுவது நம் பிள்ளைகள் திரைமுன் இருக்கும் நேரம். அந்த நேரம் கூடக் கூட நிறுவனத்துக்கு இலாபம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குவது அதனால்தான்.

1982இல் ஆரம்பமான ரூபவாஹினியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதிலும் விளம்பரம் வந்தது. ஆனால் பதுளை வீட்டுக்கும் வெலிமடை வீட்டுக்கும் ஒரே விளம்பரந்தான். இரவானால் ஒளிபரப்பும் முடிந்துவிடும். இன்றைய திரைக்கு முடிவும் இல்லை. பார்ப்பவரின் விருப்பத்தையும் அது குறித்து வைக்கிறது. பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவர்களின் விபரங்களைச் சேகரித்தார்கள் என்ற வழக்கில், 2019இல் கூகுளும் யூடியூப்பும் அமெரிக்காவில் 17 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. அதன்பின் சிறுவர் வீடியோக்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஆனாலும் உம்மாவின் போனில், உம்மாவின் கணக்கில் பெரியவர்களின் வீடியோவைப் பார்க்கும் பிள்ளையை அது உம்மா என்றே கணக்கெடுக்கும்!

சல்லி மிச்சம் என்பதும் முழு உண்மையல்ல. ரீலோட் பண்ணிப் பார்க்கும் வீட்டில் படம் இலவசம், டேட்டா இலவசமல்ல. உயர்ந்த தரத்தில் ஒரு மணிநேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகலாம் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. சாதாரண தரத்தில் 1 ஜிபிக்கும் குறைவு.

அதற்காகச் சந்தா கட்டுவதெல்லாம் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. பார்க்காத மாதத்துக்கும் பணம் போகும். 2022 முதல் நெட்ஃபிளிக்ஸும் சில நாடுகளில் விளம்பரத்துடன் குறைந்த சந்தாவுக்குக் காட்டுகிறது.

அந்தத் தாய்க்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எதை வைத்துக்கொண்டாலும் பிள்ளைக்குத் தனிச் சிறுவர் கணக்கு வையுங்கள். தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். போனைக் கையில் கொடுக்காமல், எல்லோரும் இருக்கும் அறையில், நேரம் குறித்துப் பார்க்க விடுங்கள். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தை யாருக்கும் விற்காதீர்கள். அது பிள்ளை ஓதும் நேரம்; கட்டாரிலிருந்து வாப்பா பேசும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!