கைக்குழியின் கணக்கு

தமிழ்ப் பெண்கள் உடுத்துவதில் வெட்டுவதற்கு மிகக் கடினமானது ரவிக்கைதான். புடவை எல்லா உடம்புக்கும் ஒன்றே. சுடிதார் இரண்டு அங்குலம் தளர்ந்திருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். ரவிக்கையோ நீண்டுகொடுக்காத துணியில் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டியது. கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கக் கூடாது, இறக்கினால் அங்கே துணி மடிந்து குவியக் கூடாது. கால் அங்குலம் தப்பினால் போட்டவளுக்கு நாள் முழுக்கத் தெரியும். அதனால்தான் டெய்லர் கடைக்குப் போகும்போது நாம் இன்ச் டேப்பை மட்டும் நம்பிப் போவதில்லை. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று எடுத்துப்போகிறோம். அந்த அளவு ஜாக்கெட்டுக்குள் ஒரு டெய்லரின் அத்தனை கணக்கும் இருக்கிறது, ஒரு வரிகூட எழுதப்படாமல். அவர் கடையை மூடிவிட்டாலோ நம் உடம்பு மாறிவிட்டாலோ எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை எழுதி வைக்க முடியும் என்ற எண்ணம் எனக்குக் கம்ப்யூட்டரால் வந்தது. ஆனால் நான் முதலில் பழகிய கம்ப்யூட்டர் வேலை அதற்கு நேர் எதிரானது.

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் பேட்டர்ன் அறையில் வேலை பார்த்தேன். மாஸ்டர் வெட்டிய அட்டைப் பேட்டர்னை டிஜிட்டைசர் மேசையில் ஒட்டி, ஓரத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் திரைக்குள் ஏற்றுவோம். மீடியம் சைஸ் ஏறிவிட்டால், ஒவ்வொரு மூலையும் எவ்வளவு நகர வேண்டும் என்று எண் கொடுத்து ஸ்மால், லார்ஜ், எக்ஸெல் எல்லாம் எடுத்துவிடலாம். இதுதான் கிரேடிங். பிறகு அத்தனை துண்டுகளையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கி மார்க்கர் போடுவது. அந்த அறையில் கற்ற கறாரான கணக்கை இன்றும் மதிக்கிறேன். துவைத்தால் நீளத்தில் 5 சதவீதம் சுருங்கும் துணியில் 70 சென்டிமீட்டர் சட்டை வேண்டுமென்றால், 70-ஐ 1.05-ஆல் பெருக்கக் கூடாது, 0.95-ஆல் வகுக்க வேண்டும். 73.5 அல்ல, 73.7. ஒரு சட்டையில் இது ஒன்றுமில்லை. பல்லாயிரம் சட்டைக்கான லாட்டில், ஏற்கெனவே மற்ற தவறுகளால் வந்த அளவு விலகலோடு இதுவும் சேரும்போது தெரியும்.

இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று ஜோசப் கெர்பர். 1924-ல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940-ல் தாயோடு அமெரிக்கா வந்தவர். பொறியியல் படிக்கும்போது பைஜாமாவின் இடுப்பு இலாஸ்டிக்கை உருவி, அதில் சம இடைவெளியில் கோடுகள் போட்டார். இழுத்தால் எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் விரியும். அதையே அளவுகோலாக்கினார். பின்னாளில் அவருடைய நிறுவனம்தான் கம்ப்யூட்டர் சொல்படி அடுக்குத் துணியைக் கத்தியால் அறுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. நான் விரும்பி நினைத்துக்கொள்ளும் கதை இது. ஆனால் உடம்பு அந்த இலாஸ்டிக் போல விரிவதில்லை. மார்பு நான்கு அங்குலம் கூடினால் கழுத்தும் தோளும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் பல நேரம் தோள் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்ல பேட்டர்ன் மாஸ்டர் இதை அறிந்துதான் ஒவ்வொரு மூலைக்கும் தனி எண் கொடுப்பார். அப்போதும் அது சராசரி உடம்புக்கான எண்தான்.

சராசரி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863-ல் சைஸ் வாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். அந்த நாட்டு அரசு 1939-லும் 1940-லும் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம், அளந்து 1941-ல் வெளியிட்டது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. நம் நாட்டுக்கென்று 25,000 பேரை ஸ்கேனரால் அளக்கும் திட்டத்தை நிஃப்ட் நிறுவனம் 2018-ல்தான் அறிவித்தது. இப்படி அளந்து போடும் சைஸ் அட்டவணை ரெடிமேட் கடைக்குப் பெரிய உதவி. ரவிக்கைக்கு அது போதாது.

அதனால் எனக்கு வாலண்டினா என்ற மென்பொருள் முக்கியமாகப் பட்டது. உக்ரைனைச் சேர்ந்த ரோமன் தெலெஜின்ஸ்கி 2013-ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2017-ல் அதிலிருந்து சீம்லி2டி என்று ஒரு கிளையும் பிரிந்தது. இதில் உருவத்தை வரைந்துவிட்டு எண் கொடுப்பதில்லை. ஆளின் அளவுகள் ஒரு கோப்பில் இருக்கும். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் அந்த அளவுகளிலிருந்து பிறக்கும் ஒரு சூத்திரம். முன்பக்க அகலம் 9 அங்குலம் என்று எழுதமாட்டோம். மார்புச் சுற்றில் நான்கில் ஒரு பங்கு, அதோடு தளர்வு என்று எழுதுவோம். அளவுக் கோப்பை மாற்றினால் கோடுகள் அத்தனையும் நகர்ந்து அடுத்த பெண்ணின் ரவிக்கையாக நிற்கும். கைக்குழி வளைவின் நீளத்தை நிரலே அளந்து சொல்வதால், கையின் மேல் வளைவு அதற்குப் பொருந்துகிறதா என்று தைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். முடிந்ததும் ஏ4 தாள்களில் அச்செடுத்து ஒட்டினால் பேட்டர்ன் தயார்.

சூத்திரங்களுக்காக எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் போனேன். முதுகுக் கழுத்தை ஆழமாக இறக்கினால் தோள் நழுவும் என்பதும், அதற்குத் தோள்பட்டையைக் குறைத்து வெட்ட வேண்டும் என்பதும் தைக்கிற எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். “அது சாக்பீஸ் போகறப்பவே தெரியும் கண்ணு” என்றார். உண்மைதான், அவர் கைக்குத் தெரியும். ஆனால் நிரலில் அந்த இடத்தில் ஓர் எண் இருந்தே ஆக வேண்டும். அவர் வெட்டி வைத்திருந்த துண்டுகளை எடுத்து அளந்தோம். கழுத்து 7 அங்குலம் இறங்கிய இடத்தில் கால் அங்குலம் குறைத்திருந்தார். 10 அங்குலம் இறங்கிய இடத்தில் அரை அங்குலம். சாதாரணமாக 4 அங்குலம் இறங்கும் கழுத்தில் ஒன்றுமே குறைக்கவில்லை. ஆழத்திலிருந்து நான்கைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால் போதும், மூன்றும் அப்படியே வந்துவிடுகிறது. அவர் என்றைக்கும் அப்படிக் கணக்குப் போட்டதில்லை. இருந்தும் கை அந்தக் கணக்கிலிருந்து வழுவவில்லை. அந்த வரியைத் திரையில் எழுதியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கம்ப்யூட்டர் வந்தால் டெய்லருக்கு வேலை போகும் என்று பேசுகிறார்கள். பேட்டர்ன் மாஸ்டர்கள் பலருக்கு அது நடந்ததைத் திருப்பூரில் பார்த்திருக்கிறேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வகை நிரல் தையல் தெரிந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ஓர் அடி நகராது. நூற்றாண்டாக நம் தெருக்களில் உட்கார்ந்து தைத்தவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறவில்லை. அதை எழுதச் சொல்லி வற்புறுத்தும் ஒரு கருவி கிடைத்திருப்பதை நான் பெரிய வாய்ப்பாக நினைக்கிறேன்.

துணியைப் பற்றி நிரலுக்கு ஒன்றும் தெரியாது. டூ பை டூ ரூபியாவை நனைத்துக் காயவைத்து வெட்ட வேண்டும் என்பதும், கிராஸ் கட்டில் துணி எவ்வளவு இழுபடும் என்பதும் நாம்தான் சொல்ல வேண்டும். முப்பரிமாணத்தில் உடுத்திக் காட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன. எங்கே இறுக்கம் என்று நிறம் போட்டுக் காட்டும். துணியைச் சோதித்து அதன் குணங்களை எண்ணாகக் கொடுத்தால் நன்றாகவே காட்டும். தெருக்கடையில் அதற்கு வசதியில்லை.

இப்போது அக்காவும் நானும் கூன் விழுந்த முதுகுக்கான சூத்திரத்தில் நிற்கிறோம். வயதானவர்களுக்கு ரவிக்கையின் பின்பக்கம் மேலேறி நிற்பதும் முன்பக்கம் தொய்வதும் எங்கும் பார்ப்பதுதான். பின்பக்கத்தை நீட்டி முன்பக்கத்தைக் குறைக்க வேண்டும். பிடரி எலும்பிலிருந்து இடுப்புவரை ஓர் அளவு, கழுத்தோரத் தோளிலிருந்து முன் இடுப்புவரை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தக் கூன் பிடிபடும் என்று நினைக்கிறேன். தெருவில் உள்ள பாட்டிகளை அளக்கத் தொடங்கியிருக்கிறோம். டேப்பை என் கையிலிருந்து அக்கா வாங்கிக்கொண்டார். “டேப்பப் பாத்ததும் எல்லாரும் நிமிந்து நின்னுக்கறாங்க கண்ணு. பேச்சுக் குடுத்துக்கிட்டேதான் அளவெடுக்கோணும்.”